பேனல் போர்டுக்குக் காய்ச்சல் பார்ப்பது எப்படி?

உங்கள் தறிக்கூடத்தின் பேனல் போர்டைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, எதுக்குத் திறக்கணும்?" என்று கேட்பவர்தான் அதிகம். கருகிய வாடை வந்த பிறகோ, ஒரு ஃபேஸ் போய் மோட்டார் உறுமிய பிறகோதான் அந்தக் கதவு திறக்கிறது.

வாடை வருவதற்குப் பல நாள் முன்பே அந்த இடம் சூடாகத் தொடங்கியிருக்கும். அதைத் தொடாமல், மெஷினை நிறுத்தாமல் பார்த்துச் சொல்வது வெப்பக் கேமரா. கேமராவை வாங்கிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, பார்த்ததை எங்கே எழுதுவது, பிறகு என்ன செய்வது என்ற ஒழுங்கு வேண்டும். கொள்ளேகால் பக்கத்துச் சிறு ஆலை ஒன்றில் அந்த ஒழுங்கை எப்படி ஏற்படுத்துவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பெரிய தொழிற்சாலை சமாச்சாரம் நமக்கு எதற்கு?

நம் ஊரின் தொழில் பட்டு. 1956 வரை கொள்ளேகால் சென்னை ராஜ்ஜியத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ராஜ்ஜியத்தில் பட்டு வளர்ப்பு என்றாலே இந்தத் தாலுகாதான். பிறகு மைசூரு மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம் என்று முகவரி மாறியது. தொழில் மாறவில்லை.

பட்டுக்கூடு யாருக்காகவும் காத்திருக்காது. புழு கூடு கட்டி முடித்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும். துளைத்த கூட்டில் அறுபடாத இழை எடுக்க முடியாது. கூடு வாங்கி வைத்திருக்கும் நேரத்தில் டிரையரோ நூற்பு மெஷினோ இரண்டு நாள் நின்றால் நட்டம் ரிப்பேர் கூலியோடு முடியாது. அரிசி ஆலைக்கு அறுவடைக் காலம் எப்படியோ, விசைத்தறிக்குக் கல்யாண மாத ஆர்டர் எப்படியோ, அப்படித்தான் இதுவும். பழுது முன்கூட்டியே தெரிந்தால் நிறுத்தும் நாளை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். தெரியாவிட்டால் பழுதே அந்த நாளைத் தேர்ந்தெடுத்துவிடும்.

சூட்டைக் கண்ணால் பார்க்க முடியுமா?

நம் கண்ணால் முடியாது. சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை (சிவப்பு நிறத்தைத் தாண்டி இருக்கும், கண்ணுக்குப் புலப்படாத ஒளி) வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அணைந்த அடுப்பின் பக்கத்தில் நின்றால் முகத்தில் அனல் தெரிகிறதே, அது பெரும்பாலும் இந்தக் கதிர்தான். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வெப்பமானி இன்னும் ஏறியது. கண்டுபிடிப்பு அங்கே தொடங்கியது.

வெப்பக் கேமரா அந்தக் கதிரை வாங்கி நிறப் படமாகக் காட்டுகிறது. ஒன்றை நினைவில் வையுங்கள்: அது எக்ஸ்ரே அல்ல, மேற்பரப்பின் சூட்டை மட்டுமே பார்க்கும். மூடிய இரும்புப் பெட்டியைக் காட்டினால் பெட்டியின் சூடுதான் தெரியும். சாதாரணக் கண்ணாடியும் அக்ரிலிக் தகடும் இந்தக் கதிரை விடாது. பேனலின் கண்ணாடிக் கதவு வழியாகப் படம் எடுத்துவிட்டு "எல்லாம் சரி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நல்ல வயர்தானே போட்டிருக்கிறோம், ஏன் சூடாக வேண்டும்?

சூடாவது பெரும்பாலும் வயரின் நடுப்பகுதி அல்ல, அதன் நுனி. லக் (வயரின் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக முனை) சரியாக நசுக்கப்படாதது, போல்ட் தளர்ந்தது, அலுமினிய வயரைச் செம்புப் பட்டையில் நேராக மாட்டியது, காண்டாக்டர் முனை தேய்ந்தது, தூசி, ஈரம். இவை எல்லாம் மின்சாரம் போகும் வழியைக் குறுக்கும். குறுகிய இடம் சூடாகும்.

நமக்குப் பக்கத்திலேயே சிவனசமுத்திரம் இருக்கிறது. மைசூரு திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய மின்நிலையம் அது. 1902-இல் அங்கிருந்து கோலார் தங்கவயலுக்கு ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் மின்சாரம் போனது. அவ்வளவு நீளக் கம்பியிலும் சரி, உங்கள் கொட்டகையின் 20 அடி வயரிலும் சரி, முதலில் சந்தேகப்பட வேண்டியது இணைப்புகளைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 100 ஆம்பியர் போகும் லக்கில் ஒரு மில்லி ஓம் (ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடை கூடினால் அங்கே 10 வாட் சூடு பிறக்கும். மின்சாரம் 160 ஆம்பியர் ஆனால் சூடு 25 வாட்டைத் தாண்டும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கட்டைவிரல் அளவு இடத்தில் இரவும் பகலும் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி வைத்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராதான் வேண்டுமா? கடையில் விற்கும் துப்பாக்கி போதாதா?

துப்பாக்கி வடிவ வெப்பமானி உதவும், ஆனால் அதன் எல்லை தெரிய வேண்டும். அதன் மேல் 12:1 என்று எழுதியிருந்தால், 12 அடி தூரத்தில் ஓர் அடி அகல வட்டத்தின் சராசரிச் சூட்டைக் காட்டுகிறது என்று பொருள். அந்த வட்டத்துக்குள் ஒரு லக் மட்டும் 90 டிகிரியில் கொதித்தாலும், சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு சராசரியைக் கீழே இழுத்துவிடும். சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டுமே; அளப்பது அந்தப் புள்ளியை அல்ல. பேரிங், மோட்டார் உடல், நீராவிக் குழாய் போன்ற பெரிய பரப்புகளுக்கு இது போதும். நெருக்கமான பேனலுக்குக் கேமராதான் சரி.

உடனே வாங்க வேண்டுமா? வேண்டாம். முதல் சுற்றுக்கு வெப்பப் படப் பரிசோதனை செய்பவரை ஒரு நாள் கூலிக்கு அழையுங்கள். அருகருகே இருக்கும் நாலைந்து ஆலைக்காரர்கள் சேர்ந்து அழைத்தால் செலவு பங்காகிவிடும். ஓர் ஆண்டு நடத்திப் பார்த்து, பயன் தெரிந்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை முக்கியமான இணைப்புகளின் அருகே நிறம் மாறும் வெப்ப ஸ்டிக்கர் (குறிப்பிட்ட சூட்டைத் தொட்டால் கறுத்துவிடும் ஒட்டுத்தாள்) ஒட்டுவதும் மலிவான காவல்தான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒட்டுங்கள்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேமராவுக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் தொடங்கி, அது போகும் வழியிலேயே நடந்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு எண் கொடுங்கள். மீட்டருக்கு அப்புறம் வரும் மெயின் சுவிட்ச், பியூஸ் முனைகள், பஸ்பார் இணைப்பு (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் செம்பு அல்லது அலுமினியப் பட்டை), எம்சிசிபி (அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானே நின்றுவிடும் பெரிய சுவிட்ச்), காண்டாக்டர், ஸ்டார்ட்டர், கெபாசிட்டர் பேனல், ஜெனரேட்டர் மாற்று சுவிட்ச், மோட்டாரின் டெர்மினல் பெட்டி. நியூட்ரல் கட்டையை விட்டுவிடாதீர்கள். எல்லாரும் மறப்பது அதைத்தான்.

பிறகு சுழலும் பாகங்கள். மோட்டாரின் இரு பக்க பேரிங், பெல்ட், புல்லி. நழுவும் பெல்ட் சூடாகும். கோணலாக நிற்கும் புல்லியும் பெல்ட்டைச் சூடாக்கும். மோட்டாரின் காற்று வழியில் பட்டுத் தூசியோ தவிட்டுத் தூசியோ அடைத்திருந்தால் உடல் முழுக்கச் சூடேறும். மருந்து ஒரு துடைப்பான்தான். மோட்டார் சுருளின் சூடு தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் காப்புப் பூச்சின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் பழகிய கணக்கு.

நூற்பு ஆலை என்றால் பாய்லரும் நீராவிக் குழாயும் உண்டு. குழாய் மேல் சுற்றிய காப்பு எங்கே கிழிந்திருக்கிறது என்று கேமரா பளிச்சென்று காட்டும். அந்தக் கிழிசல் வழியே போவது உங்கள் விறகுக் காசு. ஸ்டீம் ட்ராப் (தேங்கும் தண்ணீரை வெளியே விட்டு நீராவியைத் தடுக்கும் சிறு வால்வு) இரு பக்கமும் ஒரே மாதிரி கொதித்தால் நீராவி வீணாகக் கசிகிறதோ என்று சந்தேகப்படலாம். இரு பக்கமும் ஆறிக் கிடந்தால் அடைத்திருக்கலாம்.

வெளியே நிற்கும் மின் நிறுவனத்தின் டிரான்ஸ்பார்மரை என்ன செய்வது? தூரத்திலிருந்து படம் எடுங்கள். ஏதாவது தெரிந்தால் மின் நிறுவன அலுவலகத்தில் படத்தோடு எழுதிக் கொடுங்கள். கை வைக்க வேண்டாம்.

எந்த நேரத்தில் பார்ப்பது?

வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும்போது படம் எடுத்தால் எல்லாம் குளிர்ந்துதான் இருக்கும். இணைப்பின் சூடு மின்சாரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும்: பாதி லோடில் பிறக்கும் சூடு முழு லோடில் பிறப்பதன் கால் பங்குதான். அதனால் மெஷின் தன் முழு அளவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல், முடிந்தால் வழக்கமான முழு லோடில் ஓட வேண்டும். ஒரு மணி நேரமாவது ஓடி, சூடு நிலைத்த பிறகு தொடங்குங்கள். கரண்ட் போய் வந்த உடனே பார்க்காதீர்கள்.

கூரை மேல் அல்லது வெட்டவெளியில் இருப்பவற்றை விடியலிலோ இருட்டிய பிறகோ பாருங்கள். வெயிலில் எல்லாமே சூடுதான். பலத்த காற்றும் ஏமாற்றும். சூடான இணைப்பை ஆறவைத்து நல்லது போலக் காட்டும்.

கதவைத் திறந்து பார்ப்பது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். இந்தக் கட்டுரையில் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். மின்சாரம் ஓடும் பேனலைத் திறப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. முதலாளியோ மேஸ்திரியோ படம் எடுக்கும் ஆர்வத்தில் திறக்கக் கூடாது. திறப்பவர் ஒருவர், படம் எடுப்பவர் ஒருவர் என்று எப்போதும் இருவர் வேண்டும். பருத்தி உடை, முகக் கவசம், ரப்பர் பாய் வேண்டும். நைலான், பாலியஸ்டர் கலந்த உடை வேண்டாம்; தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிவிடும். கேமரா தள்ளி நின்றே பார்க்கும், கையை உள்ளே நீட்ட வேண்டிய தேவையே இல்லை. திருகு, பூட்டு எல்லாம் துருப்பிடித்து, திறக்கும்போதே உள்ளே ஏதாவது விழும் நிலையில் இருந்தால் அன்று அதைத் திறக்காதீர்கள். நிறுத்தும் நாளில் சரிசெய்துவிட்டு அடுத்த சுற்றில் பாருங்கள்.

கேமரா காட்டும் எண்ணை அப்படியே நம்பலாமா?

பளபளக்கும் உலோகத்தில் நம்பக் கூடாது. துலக்கிய பித்தளைக் குடத்தில் உங்கள் முகம் தெரிகிறது அல்லவா? அதே மாதிரி பளிச்சென்ற செம்புப் பட்டையில் கேமராவுக்கு உங்கள் உடம்பின் சூடு தெரியும். அந்தப் பட்டையின் உமிழ்திறன் (ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு கதிராக வெளியே விடுகிறது என்ற அளவு) குறைவு என்பதே காரணம். கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு அது சுமார் 0.95. மெருகேறிய செம்புக்கு 0.05 அளவுதான். சூடு ஒன்றாக இருந்தாலும் எண் வேறாகக் காட்டும்.

வழி எளிது. மின்சாரத்தை நிறுத்தும் நாளில் ஒவ்வொரு பஸ்பார் இணைப்பின் அருகிலும் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி வையுங்கள். அடுத்த சுற்றில் அந்த டேப்பைக் குறிவைத்துப் படம் எடுங்கள். வயரின் பிளாஸ்டிக் உறை நல்ல உமிழ்திறன் உள்ளது. லக்கை ஒட்டிய உறையின் சூட்டைப் பார்ப்பதும் உதவும்.

எவ்வளவு சூடு என்றால் பயப்பட வேண்டும்?

ஒரே எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒப்பிடுங்கள். மூன்று ஃபேஸும் ஒரே லோடில் இருந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். வட அமெரிக்க மின் சோதனை அமைப்பான 'நெட்டா'வின் அட்டவணை உலகெங்கும் கையாளப்படுகிறது. ஒரே லோடில் உள்ள ஒரே மாதிரி பாகங்களுக்கிடையே 1 முதல் 3 டிகிரி வித்தியாசம் இருந்தால் கவனத்தில் வைத்து ஆராயலாம். 4 முதல் 15 என்றால் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். வசதியான நாளில் சரிசெய்யுங்கள். 15-ஐத் தாண்டினால் உடனே.

ஓர் எடுத்துக்காட்டு. சிவப்பு 48, மஞ்சள் 49, நீலம் 67. நீலத்தில் 18 டிகிரி கூடுதல். உடனே லக்கைக் குறை சொல்லிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். டாங் டெஸ்டரை (வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டும் இடுக்கி மீட்டர்) எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மூன்றிலும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே ஆம்பியர் என்றால் குற்றவாளி லக். நீலத்தில் மட்டும் ஆம்பியர் அதிகம் என்றால் லோடு சரியாகப் பிரிக்கப்படவில்லை.

படமே இதைச் சொல்லும். நுனியில் கொதித்து, வயரில் போகப் போகச் சூடு தணிந்தால் இணைப்பில் கோளாறு. வயர் நெடுக ஒரே சீராகச் சூடாக இருந்தால் அதன் தாங்கும் அளவுக்கு மேல் லோடு போகிறது. எத்தனை முறை போல்ட்டை முறுக்கினாலும் சரியாகாது.

கண்டுபிடித்த பிறகு?

மின்சாரத்தை நிறுத்துங்கள், யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி பூட்டிச் சாவியை வேலை செய்பவர் கையில் கொடுங்கள். ஸ்பானரை வைத்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு மூடுவது அரை வேலை. கழற்றி, கருகிய பரப்பைச் சுத்தம் செய்து, நிறம் மாறிய லக்கை மாற்றி, அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் அதற்கென்றே உள்ள இரட்டை உலோக லக்கைப் போட்டு, தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும். அதிகம் முறுக்கினாலும் புரி போய்விடும்.

பிறகு முழு லோடில் மறுபடி படம் எடுங்கள். இந்த இரண்டாவது படம்தான் ரிப்பேர் செய்ததற்கு ரசீது. அது இல்லாமல் நோட்டில் 'சரி' என்று எழுதாதீர்கள்.

நோட்டில் என்ன எழுதுவது?

இடத்தின் எண், தேதி, நேரம், மூன்று ஃபேஸின் ஆம்பியர், மூன்றின் சூடு, அறையின் சூடு, என்ன செய்தோம், யார் செய்தது. வெப்பப் படத்தோடு அதே இடத்தின் சாதாரணப் படத்தையும் வையுங்கள். நிறப் படத்தை மட்டும் பார்த்தால் ஆறு மாதம் கழித்து எது எங்கே என்று உங்களுக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் எடுங்கள்.

வெளியாளை அழைத்தால் அவரிடமும் இவற்றையெல்லாம் அறிக்கையில் கேளுங்கள். ஆம்பியர் எழுதாத அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவருக்கு ஐஎஸ்ஓ 18436-7 தரத்தின்படி (வெப்பப் படப் பணியாளர் தகுதிக்கான உலகத் தரம்) சான்று இருந்தால் நல்லது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

அமெரிக்காவின் என்எஃப்பிஏ 70பி (மின் சாதனப் பராமரிப்புக்கான தரம்) 2023 பதிப்பு, ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்கிறது. இங்கே அதற்குச் சட்ட பலம் இல்லை, ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தூசியும் நீராவியும் நிறைந்த நம் கொட்டகைகளுக்கு ஆறு மாதம் பொருத்தம். மெயின் பேனலை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். புதிதாக மெஷின் மாட்டினால் முதல் வாரமே ஒரு படம். அதுதான் அந்த மெஷினின் ஜாதகம். பிற்பாடு வரும் எண்களை அதோடு ஒப்பிடலாம்.

இதைச் செய்தால் எந்தப் பழுதும் வராதா?

வரும். மின்சாரம் ஓடாத இணைப்பின் குறை தெரியாது. எர்த் சரியில்லாதது தெரியாது. சுவருக்குள் போகும் வயர் தெரியாது. பேரிங் கெடும்போது பெரும்பாலும் அதிர்வும் சத்தமும் முதலில் வரும், சூடு பிறகுதான். அதனால் மெகர் சோதனை (வயரின் காப்பு சரியாக இருக்கிறதா என்று அளப்பது), எர்த் சோதனை, பேரிங்குக்குக் காது கொடுப்பது எல்லாம் அப்படியே தொடர வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது?

இந்த வாரம் செலவில்லாத வேலை ஒன்றை மட்டும் செய்யுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து, மூடிய கதவுகளுக்கு வெளியே அவரோடு நடந்து, மெயின் சுவிட்ச் முதல் கடைசி மோட்டார் வரை எண் போடுங்கள். ஒவ்வொன்றும் நின்றால் உங்களுக்கு எத்தனை நாள் வேலை போகும் என்று பக்கத்தில் எழுதுங்கள். அதிக நாள் போகும் பத்து இடங்களுக்குச் சிவப்பு மையில் கோடு போடுங்கள். அடுத்த கூடு சந்தைக்கு முன் கேமராக்காரர் வரும்போது, எங்கே தொடங்குவது என்று அவர் கேட்பார். நோட்டைத் திறந்து அந்தப் பத்தைக் காட்டுங்கள்.